டொமைன் வாங்குவது, இணைப்பது, கைவிட்டுப் போகாமல் வைத்திருப்பது

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், பான் கார்டு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம் சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். குலசேகரம் பக்கத்துத் தேன்காரர்கள், ஈத்தாமொழி கயிறு வியாபாரிகள், முட்டத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு ரூம் விடுகிறவர்கள்தான் அதிகம். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "மோளே, இந்த டாட் காம் ஒண்ணு வாங்க எவ்வளவு ஆவும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்களுக்கு ஈமெயில் உண்டா? பாஸ்வேர்டு ஆருக்குத் தெரியும்?" பேரன் திறந்து கொடுத்தது, பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும் என்று சொன்னால் அன்றைக்கு டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், வாங்க மாட்டோம். முதலில் மெயிலைச் சரி பண்ணுவோம். மெயில் யார் கையில் இருக்கிறதோ, டொமைனும் நடைமுறையில் அவர் கையில்தான்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல தேன்காரர் ஒருவர், ரப்பர் தளிர்விடும் சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் பெட்டி பார்க்கிறவர், யாரோ தெரிந்த பையனிடம் வெப்சைட் செய்யச் சொல்லியிருந்தார். பையன் தன் மெயிலில், தன் பெயரில், தன் கார்டில் டொமைனை எடுத்துவிட்டான். ஏமாற்ற நினைத்தானா என்றால் இல்லை, அவனுக்கு அது வசதி, அவ்வளவுதான். பிறகு அவன் கல்ஃப் போய்விட்டான், நம்பர் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களெல்லாம் அவனுடைய இன்பாக்ஸில் கிடந்தன. பெயர் காலாவதியாகி, கடைசியில் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இவர் தேன் பாட்டில் லேபிளில் அந்தப் பெயரை அச்சடித்து ஒரு கட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு லேபிளிலும் மார்க்கர் வைத்து அந்த வரியை அடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

மூன்று வேலை, மூன்று கணக்கு

'வெப்சைட்' என்று ஒரே பில்லில் வாங்குவதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பெயர் ஒன்று. அதை ரெஜிஸ்ட்ரார் என்கிற கம்பெனியிடம் வருஷக் கணக்கில் எடுக்கிறோம். யாரும் டொமைனை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. காசு கட்டுகிற வரைக்கும்தான் நம்முடையது. டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு அமெரிக்காவில் வெரிசைன் கம்பெனியிடம் இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்குப் பொறுப்பு நம் நாட்டின் நிக்சி என்ற அமைப்பு. ரெஜிஸ்ட்ரார் நமக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் நடுவில் நிற்கிறவர்.

அடுத்தது டிஎன்எஸ். இந்தப் பெயரை யாராவது கேட்டால் எந்த ஐபி எண்ணை, அதாவது கம்ப்யூட்டரின் நெட் முகவரி எண்ணை, சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் நேம் சர்வர். மூன்றாவது ஹோஸ்டிங். படம், எழுத்து, ஆர்டர் ஃபார்ம் எல்லாம் உண்மையில் இருக்கிற கம்ப்யூட்டர். மூன்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கலாம், மூன்று வெவ்வேறு கம்பெனிகளிடமும் வாங்கலாம். ஆனால் கோளாறு என்று வந்தால் இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 'சைட் வரல்ல' என்று போன் வந்தால் நான் முதலில் செய்வது அதுதான்.

பெயரைத் தட்டினால் நடப்பது

ஒரு பேச்சுக்கு 'தேன்குடம் டாட் இன்' என்று ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவர் போனில் அதைத் தட்டுகிறார். இன்டர்நெட்டுக்குப் பெயர் தெரியாது, 203.0.113.25 மாதிரி எண்தான் தெரியும். போன் முதலில் தன் ஞாபகத்தில் பார்க்கும். இல்லையென்றால் ரிசால்வரைக் கேட்கும். ரிசால்வர் என்பது நெட் கொடுக்கிற கம்பெனி வைத்திருப்பதாக இருக்கலாம், கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 மாதிரி பொது ரிசால்வராகவும் இருக்கலாம். மீதி அலைச்சலெல்லாம் அதனுடையது.

முட்டத்தில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் கண்டக்டருக்கு வீடு தெரியாது, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று தெரியும். ஸ்டாப்பில் டீக்கடைக்காரருக்குத் தெரு தெரியும். தெருவுக்குள் போனால்தான் வீட்டைக் கைகாட்ட ஆள் இருக்கும். ரிசால்வர் இதைத்தான் செய்கிறது. ரூட் சர்வரிடம் போனால் அது, "டாட் இன் விவகாரம் இவர்களிடம்" என்று அனுப்பும். டாட் இன் சர்வர், "தேன்குடத்துக்கு நேம் சர்வர் இது" என்று அனுப்பும். அந்த நேம் சர்வர்தான் எண்ணைச் சொல்லும். எழுதும்போது இடமிருந்து வலம். தேடும்போது வலமிருந்து இடம். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். 13 மெஷின்தான் உலகத்தைத் தாங்குகிறது என்று யூடியூபில் பயமுறுத்துகிறார்கள். அப்படிக் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பல நாடுகளில் நிறைய மெஷின்கள் ஒரே எண்ணில் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எது பக்கமோ அது பதில் சொல்லும்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால், நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்திருந்தது. எல்லோரும் அங்கிருந்து நகல் எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் வடிவத்தை எழுதினார். எல்லாவற்றையும் ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டாம், அவரவர் பங்கை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் டிஎன்எஸ் பக்கத்தில் நீங்களே ஒரு வரியை மாற்றினால் உலகம் முழுக்கச் செல்லுபடியாவது இதனால்தான். தப்பாக மாற்றினாலும் அப்படியே.

2021 அக்டோபர் 4 ராத்திரி 9 மணி வாக்கில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் படுத்துவிட்டதே, ஞாபகம் இருக்கும். ஃபேஸ்புக்கின் நேம் சர்வர்களுக்குப் போகிற வழியே நெட்வொர்க்கிலிருந்து மறைந்துவிட்டதால், பெயரைக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை.

பெயர் தேர்வு

போனில் சொன்னால் எதிராளி ஒரே தடவையில் எழுதிக்கொள்ள வேண்டும். என் சோதனை இதுதான்: பெயரை நான் சொல்வேன், கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் யாராவது ஒருவரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். நம் ஊர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி. கன்னியாகுமரியையே ஒரு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளப் பெயரில் இரண்டு. 'ழ' வருகிற பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். முடிந்தால் அந்த மாதிரிப் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். விடமாட்டேன் என்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி, ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடுங்கள்.

ஆங்கில எழுத்து, எண், நடுவில் கோடு, இவ்வளவுதான் அனுமதி. கோடு முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் 63 எழுத்து வரை போகலாம், ஆனால் அவ்வளவு நீளத்தில் பெயர் வைக்கிறவரை நான் கடைக்குள் விடமாட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயரும் எடுக்கலாம். உள்ளுக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஆங்கில எழுத்துக் கோர்வையாக மாறித்தான் டிஎன்எஸ்ஸில் ஓடும். போர்டில் எழுதப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மெயிலுக்கு அதை நம்ப வேண்டாம், இன்னும் பல ஃபார்ம்கள் அந்த முகவரியை ஏற்காது. இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

டாட் இன்னா டாட் காமா என்றால், நம் நாட்டுக்குள் விற்கிறவருக்கு டாட் இன் தாராளம். கல்ஃபில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள் டாட் காம் கேட்பார்கள், அவர்கள் இஷ்டம். முதல் வருஷ விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் வருஷ விலை பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதுதான் உண்மையான விலை.

வாங்கும்போது

கணக்கு உங்கள் மெயிலில். அந்த மெயில், வாங்கப் போகிற அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் முடங்கினால் மெயிலும் முடங்கும், அப்புறம் ரீசெட் லிங்க் எங்கே வரும்? சாதாரண ஜிமெயில் போதும். பதிவில் உங்கள் முழுப்பெயர், கடை முகவரி, ஓடுகிற போன் நம்பர். இரண்டடுக்குப் பாதுகாப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கிற வசதியை, அன்றைக்கே போட்டுவிடுங்கள். டாட் காம் மாதிரிப் பெயர்களில் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்தி வைப்பார்கள். புது சைட் இரண்டு வாரத்தில் காணாமல் போனது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஸ்பேம் பெட்டியைத்தான்.

கூடை நிறைய எதையெதையோ சேர்த்துவிடுவார்கள். சைட்டைப் பாதுகாப்பாகத் திறக்க வைக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுப்பது இலவசம், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் தானாகவே வந்துவிடும். டிஎன்எஸ் வசதியும் ரெஜிஸ்ட்ராரிடம் பொதுவாகச் சும்மாவே கிடைக்கும்.

ரெக்கார்டு போடுவது

இங்கேதான் மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தால் வரி வரியாக இருக்கும், ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு. ஒவ்வொன்றிலும் நாலு கட்டம்: வகை, பெயர், மதிப்பு, டிடிஎல் (இது என்ன என்று பின்னால் சொல்கிறேன்).

ஏ ரெக்கார்டு என்றால் பெயருக்கு எதிராக ஐபி எண். பழைய நாலு பகுதி எண்ணுக்கு ஏ, புதிய நீள எண்ணுக்கு நாலு ஏ. வெறும் டொமைனுக்குப் பெயர் கட்டத்தில் @ குறி போட்டு, ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த எண்ணை மதிப்பில் ஒட்டுங்கள். சிநேம் என்றால் இந்தப் பெயர் இன்னொரு பெயரின் மறுபெயர் என்று அர்த்தம். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-வுக்கு அதைப் போட்டு வெறும் டொமைனைக் காட்டலாம். ஆனால் @ வரியிலேயே சிநேம் போட விதி இடம் கொடுக்காது, ஏனென்றால் சிநேம் இருக்கிற இடத்தில் வேறு ரெக்கார்டு இருக்கக்கூடாது, அங்கேயோ நேம் சர்வர் வரிகள் கட்டாயம் இருந்தாக வேண்டும்.

பெயர் கட்டத்தில் முழுப்பெயரையும் அடிக்காதீர்கள். 'கடை டாட் தேன்குடம் டாட் இன்' வேண்டுமென்றால் 'கடை' என்று மட்டும் அடித்தால் போதும், மீதியைப் பக்கமே சேர்த்துக்கொள்ளும். ஈத்தாமொழிக்காரர் ஒருவர் முழுசாக அடித்துவிட்டு, எல்லாம் சரியாத்தானே இருக்கு என்று மல்லுக்கு நின்றார். சேமித்த வரியின் மேல் சுட்டியை வைத்துக் காட்டினேன். டொமைன் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு ரயில் மாதிரி நீண்டு நின்றது. "லேய், இது இப்பிடியா!" என்றார். ஒரு சொல்லை அழித்ததும் சைட் வந்துவிட்டது.

மெயிலுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு. அதில் எண் போடக்கூடாது, மெயில் சர்வரின் பெயர்தான். பக்கத்தில் முன்னுரிமை எண் ஒன்று கேட்கும். சின்ன எண் உள்ளதை முதலில் தேடிப் போவார்கள். கூடவே டெக்ஸ்ட் ரெக்கார்டில் எஸ்பிஎஃப் வரி, அதாவது என் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கெல்லாம் அனுமதி என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான் இருக்க வேண்டும். பில் அனுப்புகிற சாஃப்ட்வேர்காரர் ஒரு வரி கொடுக்கிறார், மெயில் கம்பெனி ஒரு வரி கொடுக்கிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் இரண்டும் கெடும். ஒரே வரிக்குள் சேருங்கள். மெயில் உண்மையில் உங்களிடமிருந்து வந்ததுதானா என்று சரிபார்க்க உதவும் டிகிம், டிமார்க் வரிகள் இரண்டையும் மெயில் கம்பெனி சொன்னபடியே போட்டுவிடுங்கள். 2024 முதல் ஜிமெயில் இந்த விஷயத்தில் கண்டிப்பாகிவிட்டது; இவை இல்லாமல் அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகலாம், அல்லது திரும்பி வரலாம்.

மாற்றிவிட்டுக் காத்திருப்பது

டிடிஎல் என்பது விநாடிக் கணக்கு. 3600 என்றால், கேட்டுப் போன ரிசால்வர் ஒரு மணி நேரம் அந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், மறுபடி வந்து கேட்காது. 'மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்' என்று கஸ்டமர் கேரில் சொல்கிறார்களே, எதுவும் எங்கேயும் பரவுவதில்லை. பழைய பதிலை வைத்திருப்பவர்களிடம் அது காலாவதியாகிறது, அவ்வளவே. அந்த 48 மணி நேரத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு: டாட் காம் பதிவேட்டில் நேம் சர்வர் வரிகளின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். நேம் சர்வரை மாற்றினால்தான் அந்தக் கணக்கு. ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றினால் நீங்கள் போட்ட டிடிஎல்தான் கணக்கு.

ஆகவே ஹோஸ்டிங் மாற்றப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே டிடிஎல்லை 300-க்கு இறக்குங்கள். மறுநாள் எண்ணை மாற்றினால் ஐந்து நிமிஷத்தில் பெரும்பாலானவர்களுக்குப் புது சைட் தெரியும். பழைய ஹோஸ்டிங்கை அன்றைக்கே நிறுத்திவிடாமல் இரண்டு நாளாவது விட்டுவையுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. 'இல்லை' என்கிற பதிலையும் ரிசால்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ரெக்கார்டு போடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று பிரவுசரில் திறந்து பார்த்தால், பிறகு ரெக்கார்டு போட்டபின்னும் கொஞ்ச நேரத்துக்கு இல்லை என்றே காட்டும். முதலில் போடுங்கள், அப்புறம் பாருங்கள்.

சோதிக்கப் பிரவுசரை நம்ப வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் 'என்எஸ்லுக்கப்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு டொமைன், இன்னோர் இடம் விட்டு 8.8.8.8. முதல் இரண்டு வரி, நீங்கள் யாரைக் கேட்டீர்கள் என்பது. அதற்குக் கீழே வருவதுதான் பதில். கடைசியில் 8.8.8.8-க்குப் பதிலாக உங்கள் நேம் சர்வரின் பெயரைப் போட்டுக் கேளுங்கள். அங்கே சரியான எண் வந்தால் உங்கள் வேலை முடிந்தது, மீதி காத்திருப்புதான். அங்கேயே தப்பு என்றால் ரெக்கார்டைப் பாருங்கள். எண் இரண்டு இடத்திலும் சரி, சைட் மட்டும் வரவில்லை என்றால் ஹோஸ்டிங்காரரைக் கூப்பிடுங்கள். டிஎன்எஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்கலாம், ரிசால்வர் மாறும்.

முட்டத்தில் ரூம் விடுகிற ஒருவர் புது ஹோஸ்டிங் எடுத்தார். 'நேம் சர்வரை எங்களுடையதுக்கு மாற்றுங்கள்' என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு மாற்றிவிட்டார். சைட் பளபளவென்று வந்தது. புக்கிங் மெயில் மட்டும் நின்றுவிட்டது. நேம் சர்வர் மாறினால் பழைய இடத்தில் எழுதி வைத்த அத்தனை வரிகளும் செல்லாது. எம்எக்ஸும் அதில் சேர்த்தி. புது இடத்தில் எம்எக்ஸே இல்லை. சீசன் நேரம், ஆள் வரத்தே இல்லையே என்று ஐயப்ப பக்தர்களையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நேம் சர்வரை மாற்றும் முன் பழைய பக்கத்தில் இருக்கிற எல்லா வரிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புது இடத்தில் முதலில் போட்டுவிடுங்கள். டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று காட்டும் கையெழுத்துப் பாதுகாப்பு, போட்டிருந்தால் அதையும் ரெஜிஸ்ட்ராரிடம் முதலில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பெயரே திறக்காது.

காலாவதி

தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்பலாம், கார்டை நம்ப முடியாது. கார்டு மாறியிருக்கும், காலாவதியாகியிருக்கும். டாட் காம் மாதிரிப் பெயர்களில் தேதி தாண்டினாலும் சில வாரம் சாதாரண விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள், எத்தனை நாள் என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கேட்கிற தொகை கசக்கும். அதற்கப்புறம் ஐந்து நாள் முடங்கிக் கிடந்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று திறந்துவிடுவார்கள். நல்ல பெயர்களைப் பிடிக்க அந்த விநாடிக்காக மெஷின் வைத்துக் காத்திருக்கிறவர்கள் உண்டு. முடிந்தால் மூன்று, ஐந்து வருஷம் சேர்த்தே கட்டிவிடுங்கள். அதிகபட்சம் பத்து வருஷம்.

'சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதிவு செய்யப் போகிறது, உடனே பதில் போடுங்கள்' என்று மெயில் வரும். டொமைன் எடுத்த எல்லோருக்கும் வருவது அது, அழித்துவிடுங்கள். பார்க்க பில் மாதிரியே இருக்கும் 'புதுப்பிப்பு நோட்டீஸ்' எதிலும் லிங்க்கை அழுத்தாதீர்கள். ரெஜிஸ்ட்ராரின் பக்கத்துக்கு நீங்களே போய், லாகின் செய்து, தேதியைப் பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரார் பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். வாங்கிய முதல் 60 நாளில் பொதுவாக விடமாட்டார்கள். பிறகு டொமைனை யாரும் மாற்றிக்கொண்டு போகாமல் தடுக்கும் லாக்கை எடுத்துவிட்டு, ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, புது ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்தால் போதும். அந்தக் கோடு வைத்திருப்பவர் டொமைனைக் கொண்டுபோக முடியும், அதனால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இது என்ன மக்கா?" என்று கேட்காதீர்கள். கேட்டிருக்கிறார்கள்.